விண்ட் ரிவர்: 'கொலை' என்று எழுத முடியாத ஒரு மரணம்!

க்ரைம் த்ரில்லர்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஒரு பிணம், ஒரு போலீஸ் அதிகாரி, நாலு சந்தேக நபர்கள், கடைசி பத்து நிமிஷத்துல ஒரு ட்விஸ்ட். 2017-ல் வெளியான 'விண்ட் ரிவர்' ஹாலிவுட் படத்திலும் பிணம் இருக்கிறது, அதிகாரி இருக்கிறார். ட்விஸ்ட்டை மட்டும் தேடாதீங்க. அது இல்லாமலேயே 107 நிமிடமும் உங்களை இருக்கையின் நுனியில் உட்கார வைக்கும் படம் இது.

கதை நடக்கும் இடம் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் உள்ள விண்ட் ரிவர் ரிசர்வேஷன். (நமக்கு ரிசர்வேஷன்னா ரயில் டிக்கெட்தான் ஞாபகம் வரும். அங்கே, பூர்வகுடி மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட நிலத்துக்கு அந்தப் பெயர்.) கிழக்கு ஷோஷோனி, வடக்கு அரபாஹோ என்ற இரண்டு இனத்தவர் பகிர்ந்து வாழும் பகுதி. பரப்பளவு சுமார் 22 லட்சம் ஏக்கர். இவ்வளவு பெரிய இடத்துக்குப் படத்தில் இருப்பது ஆறே ஆறு போலீஸ்!

கோரி லாம்பெர்ட் (ஜெரமி ரென்னர்) வனவிலங்குத் துறை ஊழியர். ஆடு மாடுகளைக் கொல்லும் மிருகங்களைத் தடம் பார்த்து வேட்டையாடுவது அவர் வேலை. ஒரு மலைச் சிங்கத்தின் தடத்தைத் தேடிப் போகும்போது, பனியில் வெறுங்காலோடு கிடக்கும் 18 வயது நாட்டலியின் உடலைப் பார்க்கிறார். இறந்துபோன தன் மகளின் தோழி அவள். கோரியின் மகளும் மூன்று வருஷத்துக்கு முன்னால் இதேபோல பனியில்தான் பிணமாகக் கிடைத்தாள். அவளுக்கு என்ன நடந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

விசாரிக்க எஃப்.பி.ஐ ஒரே ஒரு அதிகாரியை அனுப்புகிறது. ஜேன் பேனர் (எலிசபெத் ஓல்சன்). பனிக்கு ஏற்ற உடுப்புகூட இல்லாமல் வந்து இறங்குகிறார். அவருக்கு யாரோ இரவல் உடை கொடுத்துத்தான் விசாரணையே ஆரம்பமாகிறது.

டாக்டர் கை விரிக்கும் காட்சி

படத்தில் துப்பாக்கிச் சத்தம் அதிகம் கேட்கும். ஆனால், என்னை ரொம்பவும் பதறவைத்தது பிரேதப் பரிசோதனை அறையில் நடக்கும் ஒரு சாதாரண உரையாடல்தான். நாட்டலி பாலியல் வன்முறைக்கு ஆளானவள், தலையில் காயம். தப்பித்து உறைபனியில் மைல் கணக்கில் வெறுங்காலோடு ஓடியிருக்கிறாள். கடுங்குளிர்க் காற்றை இழுத்து இழுத்து நுரையீரலில் ரத்தம் கசிந்து இறந்திருக்கிறாள் என்கிறது படம். அப்படியென்றால் சாவுக்குக் காரணம் குளிர். 'கொலை' என்று எழுத முடியாது என்கிறார் டாக்டர்.

'அதனால என்ன?' என்று கேட்கிறீர்களா? எல்லாமே அதில்தான் இருக்கிறது. கொலை என்று எழுதினால்தான் எஃப்.பி.ஐ கூடுதல் ஆட்களை அனுப்பும். இல்லையென்றால் ஜேன் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். ஆக, கொன்றவன் யார் என்பதற்கு முன்னால், இதை விசாரிக்க வேண்டியவர் யார் என்ற கேள்வி வந்து நிற்கிறது.

இது திரைக்கதைக்காகச் செய்த ஜோடனை இல்லை. ரிசர்வேஷனில் நடக்கும் பெரிய குற்றங்களை மத்திய அரசின் பொறுப்பில் கொண்டுவந்தது 1885-ல் வந்த ஒரு சட்டம். பூர்வகுடி அல்லாத ஒருவர் அந்த நிலத்தில் குற்றம் செய்தால், பூர்வகுடி நீதிமன்றங்கள் அவரை விசாரிக்க முடியாது என்று 1978-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதாவது, உங்கள் வீட்டுக்குள் புகுந்து ஒருவன் அடித்தாலும், உங்கள் ஊர் கோர்ட் அவனைக் கூண்டில் ஏற்ற முடியாது. 2013-ல் குடும்ப வன்முறைக்கும், 2022-ல் பாலியல் வன்முறை உள்ளிட்ட சில குற்றங்களுக்கும் இதில் விலக்கு வந்தது.

இதைத் தெரிந்துகொண்டு அந்த எண்ணெய்க் கிணறுப் பகுதிக் காட்சியைப் பாருங்கள். ஆளாளுக்குத் துப்பாக்கியை நீட்டியபடி, 'இது யார் எல்லை, யாருக்கு அதிகாரம்?' என்று கத்திக்கொள்வார்கள். மூச்சு முட்டும்.

இரண்டு அப்பாக்கள்

எழுதி இயக்கியவர் டெய்லர் ஷெரிடன். 'சிகாரியோ', 'ஹெல் ஆர் ஹை வாட்டர்' படங்களின் கதாசிரியர். இந்தப் படத்துக்காக கான் விழாவின் 'அன் செர்டெய்ன் ரிகார்ட்' பிரிவில் சிறந்த இயக்குநர் விருது வாங்கினார். ஆனால், விருதுக் கதையைவிட முக்கியமானது அவர் துக்கத்தைக் காட்டியிருக்கும் விதம்.

நாட்டலியின் அப்பா மார்ட்டின் (கில் பர்மிங்ஹாம்), ஜேன் கேள்வி கேட்கும்போது கல் மாதிரி நிற்பார். 'என்ன மனுஷன் இவர்?' என்று நமக்கே தோன்றும். வாசலில் கோரியைப் பார்த்த நொடியில் அப்படியே உடைந்துவிடுவார். மகளை இழந்தவனுக்கு இன்னொரு மகளை இழந்தவன் சொல்லும் ஆறுதல் எப்படி இருக்கும்? 'சரியாகிடும்' என்று கோரி சொல்வதில்லை. சரியாகவே ஆகாது, வலியிலிருந்து ஓடினால் மகளின் நினைவுகளையும் சேர்த்து இழந்துவிடுவாய், அதனால் வலியைத் தாங்கிக்கொள் என்கிறார். பின்னணி இசை நிக் கேவ், வாரன் எல்லிஸ். நிக் கேவ் 2015-ல் தன் டீன் ஏஜ் மகனைப் பறிகொடுத்தவர் என்று தெரிந்தபிறகு அந்த இசை வேறு மாதிரி கேட்கிறது.

குறையே இல்லையா? இருக்கிறது. பூர்வகுடிப் பெண்களின் கதையில் நாயகனும் நாயகியும் வெள்ளையர்கள். நாட்டலியை உயிரோடு நாம் பார்ப்பது சில நிமிடங்கள்தான். இந்த விமர்சனம் நியாயமானது என்றே எனக்கும் படுகிறது. பழங்குடி போலீஸ் தலைவராக வரும் கிரஹாம் கிரீன் ஒற்றை வரி நக்கலில் மனசை அள்ளுவார். அவருக்கு இன்னும் நாலு காட்சி கொடுத்திருக்கலாம்.

படத்துக்கு வெளியே நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். தயாரிப்பில் பெரும்பங்கு லூசியானாவின் டுனிகா-பிலோக்ஸி பழங்குடியினரின் பணம். 2017 அக்டோபரில் ஹார்வி வைன்ஸ்டீன் மீது பாலியல் புகார்கள் குவிந்தபோது, படத்தை விநியோகித்தது அவருடைய நிறுவனம்தான். பெண்களுக்கு எதிரான வன்முறையைப் பேசும் படத்தில் அந்தப் பெயர் இருக்கக் கூடாது என்று ஷெரிடன் போராடி அதை நீக்கவைத்தார்.

ஒரு எச்சரிக்கை: பாலியல் வன்முறைக் காட்சி ஒன்று நேரடியாகவே வருகிறது. குடும்பத்தோடு போட்டுவிடாதீர்கள். இன்னொன்று, படம் முடிந்ததும் ரிமோட்டை எடுக்காமல் இருங்கள். காணாமல்போகும் மற்ற எல்லாப் பிரிவினருக்கும் கணக்கு இருக்கிறது, பூர்வகுடிப் பெண்களுக்கு மட்டும் இல்லை என்று திரையில் எழுத்து வரும். படம் வெளியான அதே 2017 ஆகஸ்டில், நார்த் டகோட்டாவில் கர்ப்பிணியான ஒரு பூர்வகுடிப் பெண் கொல்லப்பட்டார். காணாமல்போகும், கொல்லப்படும் பூர்வகுடியினரின் தகவல்களை முறையாகத் திரட்டச் சொல்லும் சட்டம் 2020-ல் அவர் பெயரிலேயே வந்தது: சவானா சட்டம்.

இனி ஸ்பாய்லர்... படம் பார்க்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்!

குற்றவாளியைக் கோரி கோர்ட்டுக்குக் கொண்டுபோவதில்லை. மலை உச்சிக்குக் கொண்டுபோய், நாட்டலி ஓடியதுபோல வெறுங்காலோடு பனியில் ஓடச் சொல்கிறார். மைல் கணக்கில் ஓடினாள் அவள். இவன் கொஞ்ச தூரத்திலேயே சுருண்டு விழுகிறான். நமக்குள் ஒரு திருப்தி வரும். ஒன்றரை மணி நேரமாகச் சட்டத்தின் ஓட்டைகளைக் காட்டிவிட்டு, கடைசியில் ஒரு வேட்டைக்காரனின் கையில் தீர்ப்பைக் கொடுத்துவிட்டாரே என்று எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது.

ஆனால், ஷெரிடன் படத்தை அங்கே முடிக்கவில்லை. கோரி திரும்பி வரும்போது, மார்ட்டின் முகத்தில் சாயம் பூசிக்கொண்டு வீட்டுக்கு வெளியே பனியில் தனியாக உட்கார்ந்திருப்பார். சாவுக்கான கோலமாம். அதை எப்படிப் பூசுவது என்று சொல்லிக்கொடுக்கப் பெரியவர்கள் யாரும் மிச்சமில்லை, அதனால் தானாகவே ஒன்றை வரைந்துகொண்டேன் என்பார். கோரி பக்கத்தில் போய் உட்காருவார். கேமரா அப்படியே நிற்கும்.