மழைக்கு முன் பறித்த மொக்கு



ஐப்பசி பிறந்துவிட்டது. வானம் கறுத்தால் நம்ம திருத்தங்கல், சிவகாசிப் பக்கத்தில் முதல் ஓட்டம் காயப்போட்ட சரக்கை அள்ளத்தான். மழை நாளில் காயவைக்க முடியாது, வேலை நிற்கும், கூலியும் நிற்கும். சரக்கை உள்ளே சேர்த்த அதே கைகள் அடுத்துப் போவது வாசல் பிச்சிக்கொடிக்கு. விரிந்த பூவை விட்டுவிட்டு, அன்றைக்கு விரியப்போகிற மொக்கை மட்டும் கிள்ளித் தட்டில் போட்டு வீட்டுக்குள் வைப்பார்கள். இந்தச் சின்னப் பழக்கத்துக்கு 1500 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சான்று நம் கையில் இருக்கிறது. இன்று அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடை நக்கீரர் பாடியது, 188 அடிகள். அதில் வரும் வேலில் வேப்பந்தார் சூட்டியிருப்பதால் தலைவன் பாண்டியன் என்று உரைகாரர்கள் கொண்டார்கள். ஆகவே நமக்குப் பக்கத்து ஊர்ப் பாட்டு என்று சொல்லிக்கொள்ளலாம்.

பாட்டு தொடங்குவதே அடைமழையில். மேகம் மூடி, பகல் எது இரவு எது என்று தெரியவில்லை. வீட்டுப் புறாகூட இரை தேடப் போகாமல், கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருக்கிறது. இந்த நிலையில் விளக்கேற்றும் நேரம் வந்துவிட்டதா என்று வீட்டுப் பெண்கள் எப்படி அறிந்தார்கள்? பிச்சி மொக்குகளைப் பூந்தட்டில் இட்டு வைத்திருந்தார்கள். அவை இதழ் விரிந்து மணந்ததும், மாலை வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டார்கள். இரும்பு விளக்கில் திரி ஏற்றி, நெல்லும் பூவும் தூவிக் கும்பிட்டார்கள். அந்தத் தட்டுக்குப் பாட்டில் உள்ள பெயர் பிடகை. பிச்சிக்குப் பித்திகம் என்று பெயர்.

இதே பத்துப்பாட்டில் முல்லைப்பாட்டும் இருக்கிறது. அதுவும் மழைக்காலம்தான், ஆனால் இடம் அரசனின் பாசறை. அங்கே நீர் வட்டில் வைத்துப் பொழுது அளந்து சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். அரசனுக்கு நீர்க்கடிகாரம், வீட்டுக்குப் பூக்கடிகாரம்! இரண்டு பாட்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் இது தெரியும்.

1751இல் சுவீடன் நாட்டுத் தாவர அறிஞர் லின்னேயஸ், பூக்கள் விரியும் நேரத்தையும் மூடும் நேரத்தையும் வைத்து மணி பார்க்கலாம் என்று எழுதினார். உலகம் அதை மலர்க் கடிகாரம் என்று கொண்டாடுகிறது. வானிலையைப் பொறுத்து நேரம் மாற்றி விரியும் பூக்களும் உண்டு என்று அவரே வகைப்படுத்தியிருக்கிறார். நம் பெண்கள் வைத்திருந்ததோ சூரியனே தெரியாத நாளில், கூரைக்குள் இருந்தபடி பார்க்கும் கடிகாரம்.

பறித்த மொக்கு எப்படி விரியும் என்று கேட்பீர்கள். அன்றைக்கு விரியும் பக்குவம் வந்த மொக்கில் இதழ்கள் முழுதாக உருவாகியிருக்கும். உள்ளே இருக்கிற நீரைக் கொண்டே அவை விரிந்துவிடும். பச்சை மொக்கைப் பறித்தால் அப்படியே வாடிப்போகும். மதுரை மல்லி வியாபாரம் முழுதும் இந்தப் பக்குவத்தை நம்பித்தான் நடக்கிறது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த மல்லியையும் காலையில் மொக்காகத்தான் பறிக்கிறார்கள், மாலையில் கூந்தலில் விரிகிறது. மழையில் நனைந்த பூவோ இதழ் அடிபட்டு, மணம் குறைந்து, சீக்கிரம் பழுப்பேறிவிடும். அதனால்தான் மழை வருமுன் அந்த அவசரம்.

பூவைப் பாத்திரத்தில் வைத்து அழகு பார்ப்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று சிலர் சொல்கிறார்கள். அமராவதிச் சிற்பங்களில் தாமரை நிறைந்த பூரண கும்பம் இருக்கிறது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனால் அந்தச் சிற்பத் தொகுதியைப் பார்த்து வாருங்கள்.

பிள்ளைகளே, இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன்? வகுப்பில் நெடுநல்வாடையை ஆசிரியர், அடி எண்ணிக்கை, பாட்டுடைத் தலைவன் என்று இரண்டு மதிப்பெண்ணுக்குச் சுருக்கிவிடுகிறோம். நக்கீரருக்கு அந்தச் செய்தி ஓலையில் கிடைத்திருக்காது. பூப்பறிக்கிற பெண்களின் கையைப் பார்த்துத்தான் தெரிந்திருக்கும். நம்ம ஊரும் அப்படிப்பட்ட ஊர்தான். திருத்தங்கலின் பழைய பெயர் தங்கால். சங்கப் புலவர்களில் தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார் என்று ஒருவர் உண்டு, தொழில் பெயரோடேயே! கைத்தொழிலும் கவிதையும் இங்கே ஒரே வீட்டில் இருந்தன.

1889இல் உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டை அச்சேற்றியதால் ஏட்டில் இருந்தது பிழைத்தது. கையில் இருக்கிற அறிவை அப்படி ஒருவர் வந்து அச்சேற்ற முடியாது. எந்த மொக்கு இன்றைக்கு, எந்த மொக்கு நாளைக்கு என்று பார்த்ததும் சொல்கிற பாட்டி வீட்டில் இருந்தால், பேத்தியைப் பக்கத்தில் நிற்க வையுங்கள். பேரனையும்தான்.

அடுத்த மழைக்கு முன் பத்து மொக்கு பறித்து ஒரு தட்டில் வையுங்கள். எத்தனை மணிக்கு விரிந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

எல்லோரும் நலமாயிருங்கள்.