குழாய் ஓரத்துப் பஞ்சு

தொண்டைக் கரப்பான் நோயால் மூச்சடைத்துத் தவித்த சிறுமி ஒருத்தியின் கழுத்தில், 1825ஆம் ஆண்டு, பிரான்சின் தூர் நகரத்து வைத்தியர் பிரெத்தோனோ துளையிட்டுக் குழாய் பொருத்தினார். முன்னிரு முயற்சிகள் தோற்றிருந்தன. இம்முறை பிள்ளை பிழைத்தாள். அவர்தம் மாணாக்கர் துரூசோ அம்முறையைப் பாரிசிற் பரப்பினார்.

ஆயினும், கத்தியின் வேலை முடிந்த இடத்திலே வேறொரு கவலை தொடங்கிற்று. குழாயின் ஓரமாகக் கசியும் சளி தோலை நனைக்கும். நனைந்த தோல் புண்ணாகும். புண்ணிற் கிருமி குடியேறும். பஞ்சு இருக்கிறதே எனலாம். ஆனால், பதப்படுத்தாத பஞ்சு நீரை உறிஞ்சாது. அதன் இழைகளிற் படிந்த மெழுகு நீரைத் தள்ளிவிடும்.

பேர்மிங்காம் நகரத்துச் சத்திர வைத்தியர் சாம்சன் காம்ஜீ, மெழுகு நீக்கிய பஞ்சைச் சல்லாத்துணிகளுக்கிடையே வைத்து, உறிஞ்சும் மெத்தையொன்றை ஆக்கி, 1880இல் உலகறியச் செய்தார். கழுத்துக் குழாய்க்கென்றே அவர் அதனை ஆக்கினாரல்லர். புண்கள் அனைத்துக்கும் ஆக்கினார்.

இன்று, குழாயை அணைத்து நிற்குமாறு பிளவிட்ட, இழை உதிராத உறிஞ்சு துண்டுகள் தனியே செய்யப்படுகின்றன. சாதாரணச் சல்லாத்துணியைக் கத்தரித்து வைத்தலாகாது. உதிரும் நூலிழை துளைவழியே நுரையீரலுட் புகக்கூடும். துண்டு நனைந்ததும் அதனை மாற்றவேண்டும். கத்தி திறந்த உயிர்வழியை நாள்தோறும் காத்துவருவது தாதியின் கையே.