உத்திரமேரூர்க் குடவோலைத் தகுதி விதிகள்

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த அவை, ஊர்ச் சபையின் தீர்மானங்கள். 30 குடும்புகளிலிருந்து (ஊர்ப் பிரிவுகள்) குடவோலையிட்டு, அதாவது பெயரோலைகளைக் குடத்திலிட்டு எடுத்து, வாரியங்களுக்கு (ஊர்க் குழுக்கள்) ஆள் எடுக்கும் முறையை வகுத்ததால் தேர்தல் வரலாற்றில் அவற்றுக்குத் தனி இடம் உண்டு. எப்படிப்பட்டவனிடம் ஊர்ச் சொத்தை ஒப்படைக்கக் கூடாது என்பதையும் அவை விரிவாகச் சொல்கின்றன. குணத்துக்கும் குற்றத்துக்கும் உள்ள உறவைப் பற்றித் தமிழகத்தில் கிடைக்கும் மிக அரிய ஆவணம் இது.

வேட்பாளருக்கு வரி செலுத்தும் கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி வேண்டும். ஊரின் பெரும்பாலோர் இதிலேயே விலக்கப்பட்டனர். வயது முதலில் 30 முதல் 60. இரண்டே ஆண்டில் 35 முதல் 70 ஆயிற்று. காரியத்தில் திறமை, நேர்வழியில் ஈட்டிய பொருள், தூய மனம் ஆகியவையும் கேட்கப்பட்டன.

விலக்குப் பட்டியலில் முதலில் நிற்பவர், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர். பிறர் பொருளைக் கவர்ந்தவர், பொய்யோலை எழுதியவர், மாபாதகம் செய்தவர் ஆகியோரும் உண்டு. இவை செயல்கள். 'சாகசியர்', அதாவது முரட்டுத் துணிச்சல்காரர், என்பது மட்டும் குணம். இக்காலத்தில் உளவியலும் குணத்தைக் குற்றத்தோடு இணைத்துப் பார்த்தது: 1964இல் உளவியலாளர் ஹான்ஸ் ஐசென்க் குற்றத்தை ஆளுமையோடு இணைத்து நூல் எழுதினார். பின்வந்த ஆய்வுகளும் பின்விளைவு பாராத துடுக்கு, பொறுப்பின்மை, பிறர்மீது பரிவின்மை ஆகியவற்றைக் குற்றத்தோடு சேர்த்தே காண்கின்றன. ஆயினும் அக்குணங்கள் உள்ளவரில் பெரும்பாலோர் குற்றவாளிகள் அல்லர். கணக்கைக் கேட்ட சபையின் அளவுகோலே உறுதியானது.

அதே சபை, கணக்குக் காட்டாதவரின் உறவினரையும் விலக்கியது. பரிகாரம் செய்தவர் சிலரையும் சாகும்வரை ஒதுக்கியது. இது அநீதி. உறவை வைத்துக் குற்றம் காணும் அந்தப் பார்வை, பின்னாளில் பிரிட்டிஷ் அரசிடம் கொடிய வடிவம் எடுத்தது. சில சமூகங்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகளாக முத்திரை குத்திய 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. அச்சட்டப்படியான கைரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர்ப் பிரமலைக் கள்ளர்மீது 1920 ஏப்ரல் 3இல் போலீஸ் சுட்டதில் பலர் உயிரிழந்தனர். சென்னை மாகாணம் 1947இலும், இந்திய அரசு 1952இலும் அச்சட்டத்தை நீக்கின. 1948இல் சென்னையில் வந்த வழக்கக் குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம், பிறப்பை விட்டுத் தனிமனிதன் பலமுறை பெற்ற சிறைத்தண்டனையைக் கணக்கில் கொண்டது.