மீன் பிடிக்க, ஜாலியா சுத்திவர சின்னப் படகு வாங்கப் போறீங்களா? கட்டுமரம் சொல்லும் பாடம் இதுதான்!

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் இருந்து வடக்கே கொஞ்ச தூரம் நடந்தால் ஊரூர் ஆல்காட் குப்பம் வரும். அதையும் தாண்டினால் அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரம். விடியற்காலையில் அங்கே தண்ணீர் பெரும்பாலும் அசையாமல் கிடக்கும். ‘ஒரு சின்னப் படகு மட்டும் கையில இருந்தா தூண்டிலோட இறங்கிடலாமே’ என்று யாருக்கும் தோன்றும்.

முன்பு அந்த ஆசை அதோடு முடிந்துவிடும். இப்போது கயாக், கேனோ, காற்றடிக்கும் படகு எல்லாமே ஆன்லைனில் ஆர்டர் போட்டால் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. ஆனால் எந்தப் படகு எந்தத் தண்ணீருக்கு என்பதைப் பலரும் பார்ப்பதில்லை. தப்பான படகோடு தப்பான இடத்தில் இறங்கினால் பணம் மட்டுமல்ல, உயிரும் போகலாம். வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இதோ.

கேனோ, கயாக்: என்ன வித்தியாசம்?

கேனோ என்பது மேல்பக்கம் முழுக்கத் திறந்த படகு. துடுப்பில் ஒரு முனையில் மட்டும் அலகு இருக்கும். பெரும்பாலும் இரண்டு பேர் போகலாம், சாமானும் நிறைய ஏற்றலாம்.

கயாக்கில் துடுப்பின் இரண்டு முனையிலும் அலகு உண்டு. இதில் இரண்டு வகை. ஒன்று, குழிக்குள் காலை நீட்டி உட்காருவது. இன்னொன்று, மூடிய தட்டின் மேலே உட்காருவது. ‘சிட் ஆன் டாப்’ என்று கடையில் சொல்வது இந்த இரண்டாவது வகையைத்தான்.

கட்டுமரம் ஏன் மூழ்காது?

சோழமண்டலக் கரையின் பழைய சின்னப் படகு கட்டுமரம். ‘கேட்டமரன்’ என்ற ஆங்கிலச் சொல்லே நம்ம ‘கட்டுமரம்’தான். ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697-ல் வெளியிட்ட பயண நூலிலேயே இந்தப் பெயர் வந்துவிட்டது.

லேசான மரக்கட்டைகளைச் சேர்த்து வைத்துக் கயிற்றால் கட்டினால் கட்டுமரம். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைக் காயவைப்பார்கள். இதற்கு வயிறு கிடையாது. அதனால் தண்ணீர் தேங்க இடமே இல்லை. அலை மேலே ஏறினாலும் கட்டைகளுக்கு நடுவே வழிந்து போய்விடும். கவிழ்ந்தாலும் கட்டை மிதக்கும், பிடித்துக்கொண்டு மறுபடி ஏறலாம்.

2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரையில் ஃபைபர் படகுகள் மளமளவென்று பெருகின. மரக் கட்டுமரம் அரிதாகிவிட்டது. ஆனால் அதன் சூத்திரம் அப்படியேதான் இருக்கிறது. ‘சிட் ஆன் டாப்’ கயாக்கின் தட்டில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். பார்ப்பவர்கள் ‘ஓட்டைப் படகா’ என்று பயப்படுவார்கள். உண்மையில் உள்ளே வரும் தண்ணீர் அதன் வழியாகத்தான் வெளியேறும். கட்டுமரம் செய்யும் அதே வேலை!

திறந்த கேனோவில் இந்த வசதி இல்லை. கவிழ்ந்தால் சில நூறு லிட்டர் தண்ணீர் உள்ளே நிறைந்துவிடும். ஆழத்தில் நின்றுகொண்டு அதை ஒரு ஆளால் நிமிர்த்திக் காலி செய்வது ரொம்பக் கஷ்டம்.

எந்தத் தண்ணீருக்கு எந்தப் படகு?

* ஏரி, காயல், ஓட்டம் குறைந்த ஆறு: கேனோ, கயாக் இரண்டுமே சரி. குடும்பத்தோடு சுற்றிவர கேனோ வசதி.
* அலை உள்ள கரையோரக் கடல்: ‘சிட் ஆன் டாப்’ மட்டும். அதுவும் பயிற்சி எடுத்த பிறகு.
* பாறையும் வேகமும் உள்ள ஆறு: புதியவர்கள் தனியாக இறங்கவே கூடாது. ஒகேனக்கலில் தலைமுறையாகப் பரிசல் ஓட்டுபவர்களுக்கே நீர்வரத்து கூடினால் தடை போடுகிறார்கள்.
* காற்றடிக்கும் படகு: மடித்து பையில் வைக்கலாம், ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு வசதி. ஆனால் தூண்டில் முள், கெளுத்தி மீனின் முள், பாறையில் ஒட்டிய சிப்பி என எது குத்தினாலும் வம்பு. தனித்தனி காற்று அறைகள் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று போனாலும் இன்னொன்று தாங்க வேண்டும்.

நீளம், அகலம், எடை

தனி ஆள் மீன் பிடிக்க 10 முதல் 12 அடி நீளம், 30 முதல் 34 அங்குல அகலம் போதும். நீளம் கூடினால் நேராகவும் வேகமாகவும் போகும். குறைந்தால் எளிதாகத் திரும்பும், ஆனால் மூக்கு அங்கும் இங்கும் அலையும். இரண்டு பேருக்கான கேனோ 14 முதல் 17 அடி வரை இருக்கும்.

அடி தட்டையாக இருந்தால் அசையாத நீரில் ஆடாது, எழுந்து நின்றுகூட தூண்டில் வீசலாம். ஆனால் அலையில் அதே தட்டை அடி, அலையின் சரிவோடு சேர்ந்து சாயும். லேசாக வளைந்த அடி உட்கார்ந்ததும் ஆடுவது போலத் தோன்றினாலும், அலையில் அதுதான் தாக்குப்பிடிக்கும். கடைத் தரையில் உட்கார்ந்து பார்த்தால் இது தெரியாது. வாடகைப் படகில் தண்ணீரில் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அடுத்தது எடை தாங்கும் திறன். நிறுவனம் சொல்லும் அளவில் 70 சதவீதத்துக்கு மேல் ஏற்றாமல் இருப்பது நல்லது. உதாரணமாக, ஆள் 75 கிலோ, தூண்டிலும் பையும் 8 கிலோ, தண்ணீர், சாப்பாடு, ஐஸ் பெட்டி 12 கிலோ, பிடிக்கும் மீன் 5 கிலோ. மொத்தம் 100 கிலோ. அப்படியென்றால் குறைந்தது 145 கிலோ தாங்கும் படகு வேண்டும்.

படகின் சொந்த எடையையும் கவனியுங்கள். அழுத்தமான பிளாஸ்டிக்கில் வார்த்த மீன்பிடி கயாக் பல 25 முதல் 35 கிலோ வரை இருக்கும். ‘இதை மாடியில இருந்து யார் இறக்குறது, கார் மேல யார் ஏத்துறது?’ என்ற கேள்விக்கு வாங்கும் முன்பே பதில் வேண்டும்.

‘கடல் அமைதியா இருக்கே...’ அதுதான் ஆபத்து!

அதிகாலையில் சென்னைக் கடல் அமைதியாகத் தெரிவதற்கு ஒரு காரணம், காற்று கரையில் இருந்து கடலை நோக்கி வீசுவது. பாய் கட்டிய காலத்தில் மீனவர்கள் அந்தக் காற்றில் உள்ளே போய், பிற்பகலில் வீசும் கடற்காற்றில் கரை திரும்பினார்கள். கச்சான் என்று மீனவர்கள் சொல்லும் மேற்கத்திக் காற்றும் கடல் பக்கம்தான் தள்ளும்.

மீனவருக்கு உதவும் அதே காற்று, லேசான படகில் இருக்கும் புதியவருக்கு எமன். போகும்போது துடுப்பே போட வேண்டாம் போல இருக்கும். திரும்பும்போதுதான் கரை நெருங்கவே நெருங்காது. காற்றடிக்கும் படகு இதில் இன்னும் மோசம். அதனால் காற்று கடலை நோக்கி வீசினால் இறங்காதீர்கள்.

அடையாற்றில் இறங்கலாமா?

மெட்ராஸ் போட் கிளப் 1867-ல் இருந்து இருக்கிறது. அதன் துடுப்புப் படகுகள் ஓடிய ஆறு இதே அடையாறுதான். ஆனால் அவை அசையாத நீரில் நேராகப் பாய்வதற்கான ஒல்லிப் படகுகள். மீன் பிடிக்கும் படகோடு ஒப்பிடக் கூடாது.

முகத்துவாரம் வேறு கதை. கோடையில் ஆற்றில் ஓட்டம் குறைந்ததும் கடல் மணலைக் கொண்டுவந்து வாயை அடைக்கும். மழைக்காலத்தில் வெள்ளம் அதை உடைக்கும். வாய் திறந்திருக்கும்போது ஓதம் வற்றும் நேரத்தில் ஆற்றுத் தண்ணீர் கடலுக்குள் இழுக்கும். எதிரே மணல் திட்டில் அலை உடையும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் சின்னப் படகு நிற்காது. செம்பரம்பாக்கம் ஏரியில் தண்ணீர் திறந்தால் ஓட்டம் இன்னும் கூடும். இதெல்லாம் போதாது என்று கழிவுநீர்ப் பிரச்சினையும் இருக்கிறது.

புதியவர்களுக்கு முட்டுக்காடு, கோவளம் பக்கம்தான் நல்ல தொடக்கம். முட்டுக்காட்டில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம் இருக்கிறது. கோவளத்தில் கயாக் கற்றுத்தருகிறார்கள். சொந்தப் படகை எங்கே இறக்குவதாக இருந்தாலும் அனுமதி உண்டா என்று முதலில் கேளுங்கள். செம்பரம்பாக்கம், புழல் எல்லாம் குடிநீர் ஏரிகள். பழவேற்காடு பறவைகள் சரணாலயம்.

லைஃப் ஜாக்கெட்: பேரம் பேசக் கூடாத பொருள்

2011 டிசம்பர் 25. பழவேற்காட்டுக்கு கிறிஸ்துமஸ் விடுமுறையைக் கொண்டாடப் போனவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். அளவுக்கு மீறிய ஆட்கள், லைஃப் ஜாக்கெட் இல்லாத பயணம் என்பதுதான் அன்று பேசப்பட்ட காரணம். படகு பெரியதோ சின்னதோ, இந்த இரண்டு தப்பும் ஒன்றுதான்.

ஜாக்கெட்டில் ‘50 நியூட்டன்’ என்று இருந்தால் அது நீச்சல் தெரிந்தவருக்கு, உதவி பக்கத்திலேயே உள்ள இடத்துக்கு மட்டும். நீச்சல் தெரியாதவருக்கு 100 நியூட்டனாவது வேண்டும். படகில் கிடந்தால் பயனில்லை, உடம்பில் மாட்டி பட்டையை இறுக்கியிருக்க வேண்டும்.

கிளம்பும் முன் செக் பண்ணுங்க

* மார்பளவு தண்ணீரில் வேண்டுமென்றே கவிழ்த்து, நீங்களே மறுபடி ஏறிப் பழகுங்கள். ஏற முடியாத படகை வாங்காதீர்கள்.
* நங்கூரக் கயிற்றைப் படகின் முன்முனையிலோ பின்முனையிலோ கட்டுங்கள். பக்கவாட்டில் கட்டினால் நீரோட்டம் கவிழ்த்துவிடும்.
* ஆரஞ்சு, மஞ்சள் நிறப் படகு தூரத்தில் இருந்தே தெரியும். நீலம், பச்சை தண்ணீரோடு கலந்துவிடும்.
* விசில், தண்ணீர் புகாத பையில் செல்போன், குடிநீர், தொப்பி கட்டாயம்.
* வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையைப் பாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடல் ஆசையை ஒத்திவையுங்கள்.
* எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.
* அவசர எண்கள்: கடலோரக் காவல் படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, பொது அவசர உதவி 112.

கடைசியாக ஒன்று. எந்தக் கரையில் இறங்குவதாக இருந்தாலும், படகைத் தள்ளும் முன் அங்கே வலை பின்னிக்கொண்டிருக்கும் மீனவர் யாரிடமாவது ‘அண்ணே, இன்னைக்கு இறங்கலாமா?’ என்று கேளுங்கள். அவர் ‘வேணாம்’ என்றால் திரும்பி வந்துவிடுங்கள். படகு எங்கேயும் போகாது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.