வெள்ளைத் துணியிலிருந்து எல்.இ.டி. சுவர் வரை

"மலரும் நினைவுகள் நிறைய வந்தாச்சு, நீ ஏதாவது சரித்திரம் எழுது" என்றார் மலர்க் குழு நண்பர். எலக்ட்ரானிக்ஸ் படித்தவனிடம் சரித்திரம் கேட்டால் என்ன செய்வது? ஆனால் சினிமாவும் எலக்ட்ரானிக்ஸும் சேர்ந்த ஒரு சரித்திரம் இருக்கிறது. அது தொடங்குவது நம்ம வேலூர்க்காரர் ஒருவரிடம்.

ஆர். நடராஜ முதலியார், 1885ல் வேலூரில் பிறந்தவர். முதலில் சைக்கிள், பிறகு மோட்டார் கார் வியாபாரம். அப்புறம் படம் எடுக்கும் ஆசை வந்துவிட்டது. ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற வெள்ளைக்காரரிடம் காமிரா வேலையைக் கற்றுக்கொண்டு, சென்னை மில்லர்ஸ் ரோட்டில் ஒரு ஸ்டுடியோ போட்டார். 1916-18 காலத்தில் அவர் எடுத்த 'கீசக வதம்'தான் தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படம். கையால் சுற்றும் காமிரா. வெளிச்சத்துக்குச் சூரியன்தான். மெல்லிய வெள்ளைத் துணியைக் கூரையாகக் கட்டி, அதன் வழியாக வெயிலை வடிகட்டித் தரையில் விழச் செய்தார். பிலிமைக் கழுவும் லேப் பெங்களூரில். அங்கேதான் குளிர்ச்சி இருந்தது.

அந்த வெள்ளைத் துணியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் அதற்கு வருகிறேன்.

துணிக் கூரைக்குப் பிறகு மூடிய தளங்கள் வந்தன. வெளியுலகத்தை உள்ளே கொண்டுவர வேண்டிய அவசியமும் கூடவே வந்தது. திரைச்சீலையில் மலையும் ஆகாயமும் வரைந்தார்கள். 1957ல் வந்த 'மாயாபஜார்' படத்தில் மார்கஸ் பார்ட்லி காட்டிய நிலவொளியை இன்றும் வியந்து பேசுகிறார்கள். ஓடுகிற காட்சிக்கு 'பேக் புரொஜெக்ஷன்'. நடிகருக்குப் பின்னால் ஒரு திரை, திரைக்குப் பின்னால் புரொஜெக்டர். 1933ல் வந்த 'கிங் காங்' படத்திலேயே இந்த முறை இருந்தது.

நம்மில் பாதிப் பேர் அரக்கோணம் லோக்கலில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள். ஜன்னலோரம் உட்கார்ந்த நண்பனின் முகத்தைப் பார்த்திருப்பீர்கள். மரம் வந்தால் நிழல், வெட்டவெளி வந்தால் வெயில், எதிரே வண்டி வந்தால் பளிச் பளிச்சென்று ஒளி மாறும். பழைய படங்களின் ரயில் காட்சிகளில் ஜன்னலுக்கு வெளியே மரங்கள் ஓடும். கதாநாயகன் முகத்திலோ பெரும்பாலும் ஒரே வெளிச்சம்! பின்னணி திரையில் இருக்கிறது, ஒளி வேறு விளக்கிலிருந்து வருகிறது. இன்னொரு குறை: காமிரா நகர்ந்தால் தூரத்து மலையும் பக்கத்து மரமும் வேறு வேறு அளவில் நகர வேண்டும். தட்டையான படத்தில் அது நடக்காது. பின்னால் வந்த பச்சைத் திரை முறையில் பின்னணியைப் பிறகு ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் பச்சை ஒளி நடிகர் மேல் படியும். கண்ணாடியோ கவசமோ போட்டிருந்தால் அதிலும் பச்சைதான் தெரியும்.

இதற்கு விடை நம்ம லேபில் பிரட்போர்டில் செருகி எரியவிட்ட அந்தச் சின்ன எல்.இ.டி.தான். சிவப்பும் பச்சையும் முன்பே இருந்தன. பிரகாசமான நீலம் 1993ல்தான் ஜப்பானில் நகாமுராவால் கைகூடியது. அதற்காக அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் 2014ல் நோபல் பரிசு. மூன்று நிறமும் சேர்ந்தபின் சுவரையே திரையாக்க வழி பிறந்தது.

2019ல் வெளியான 'தி மாண்டலோரியன்' தொடருக்கு அமெரிக்காவில் ஒரு தளம் அமைத்தார்கள். 20 அடி உயரம், 180 அடி சுற்றளவு, 270 டிகிரி வளைந்த எல்.இ.டி. சுவர். மொத்தம் 1,326 திரைகள். புள்ளிக்குப் புள்ளி இடைவெளி 2.84 மி.மீ. கணக்குப் போட்டால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1.24 லட்சம் புள்ளிகள்! காமிரா எங்கே நிற்கிறது, எங்கே பார்க்கிறது என்பதைச் சென்சார்கள் சொல்லிக்கொண்டே இருக்கும். வீடியோ கேம் மென்பொருள் அந்தக் கோணத்துக்கு ஏற்பப் பின்னணியை உடனுக்குடன் மாற்றி வரையும். மலை மெதுவாகவும் மரம் வேகமாகவும் நகரும். சுவரே ஒளியும் தருவதால் நாயகனின் பளபளக்கும் தலைக்கவசத்தில் பாலைவனமே பிரதிபலித்தது. மேலே கூரையும் எல்.இ.டி.தான். நடராஜ முதலியாரின் வெள்ளைத் துணி நூறு வருஷம் கழித்து மறுபடியும் தலைக்குமேல் வந்துவிட்டது!

நம் பக்கத்திலும் இது வந்துவிட்டது. ஹைதராபாத் அன்னபூர்ணா ஸ்டுடியோவும் சென்னையின் க்யூப் நிறுவனமும் சேர்ந்து, 2022-23 வாக்கில் அக்கினேனி நாகேஸ்வர ராவ் பெயரில் இப்படி ஒரு தளத்தை அமைத்தன.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. காமிரா சுவருக்கு மிக அருகில் போனால் கோடு கோடாக அலை தெரியும். காமிராவும் திரையும் ஒரே தாளத்தில் ஓடாவிட்டால் படம் துடிக்கும். செலவும் அதிகம். பின்னணியைப் படப்பிடிப்புக்கு முன்பே தயாரித்துவிட வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே கிடையாது. "அப்ப சீன் வரைகிறவங்க, செட் போடுறவங்க கதி?" என்று கேட்பீர்கள். கவலை நியாயமானது, எல்லோரும் தப்புவார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தரையில் கொட்டிய நிஜ மணலும் திரையில் தெரியும் மணலும் சேரும் இடத்தில் நிறம் பொருந்தியாக வேண்டும். அதைக் கண்ணால் பிடிக்கத் தெரிந்தவர்கள் பழைய தொழிலாளிகள்தான். இத்தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகள் மென்பொருளோடு அவர்களிடமும் பாடம் கேட்க வேண்டும்.

கடைசியாக ஒரு வருத்தம். தீ விபத்தும் மகனின் இழப்பும் சேர்ந்து நடராஜ முதலியார் 1923ல் படத் தொழிலைவிட்டே விலகினார். 'கீசக வதம்' ஒரு பிரதிகூட இன்று இல்லை. வேலூரில் பிறந்தவர் என்று நம் மாணவர்களுக்கே தெரியவில்லை.

எல்.இ.டி. சுவர் எதையும் காட்டும் என்கிறோம். உண்மையில் யாராவது பதிவுசெய்து வைத்ததை ஆதாரமாகக் கொண்டுதான் காட்டும். நாளைக்கு ஒருவர் நீராவி இன்ஜின் நிற்கும் அரக்கோணம் ஜங்ஷனையோ, தோல் காயப்போட்ட ஆம்பூர்த் தெருவையோ படமாக்க நினைத்தால், போட்டோ இல்லாதபோது வேறு ஏதோ ஊரைத்தான் வரைந்து வைப்பார்கள். நாமும் அதை நம்ம ஊர் என்று நம்பிவிடுவோம். ஆகவே மூத்த அண்ணன்மார்களே, அக்காமார்களே, வீட்டு டிரங்குப் பெட்டியில் பழைய படங்கள் இருந்தால் அடுத்த சந்திப்புக்கு எடுத்து வாருங்கள். ஸ்கேன் செய்து, ஊர், வருஷம் குறித்து வைப்பது என் பொறுப்பு.

சந்திப்பில் பார்ப்போம். வணக்கம்.