மேசை ஃபோன் மறக்காத பெயர்

இன்னிக்கு எபிசோடை என்னோட ஒரு தப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

சில வருஷம் முன்னாடி, நான் வேலை பார்த்த ஆபீஸ். ராத்திரி 11 மணிக்கு யுபிஎஸ் ரூம்லேர்ந்து புகை. நைட் டியூட்டி செக்யூரிட்டி அண்ணன் ரிசப்ஷன்ல இருந்த மேசை ஃபோன்ல 'அட்மின் அவசரம்' என்ற பெயரைத் தேடி அழுத்தினார். ஃபோனை எடுத்தவர் வேலையை விட்டுப் போய் 8 மாசம் ஆகியிருந்தது! எங்க ஆன்லைன் கான்டாக்ட்ஸ்ல அந்தப் பெயரை எப்பவோ அழிச்சு, வேற பெயர்ல புது நம்பர் போட்டாச்சு. மேசை ஃபோன் மட்டும் பழசை மறக்கலை.

இந்தத் தொல்லை கிட்டத்தட்ட டெலிஃபோன் அளவுக்கே பழசு. 1878 பிப்ரவரி 21 அன்று, அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரத்துல முதல் டெலிஃபோன் டைரக்டரி வெளியானது. ஒரே ஒரு பக்கம், 50 பதிவுகள். அதுல நம்பரே கிடையாது. பெயரைச் சொன்னா ஆபரேட்டர் இணைப்பு கொடுப்பார். யாரோட லைன் எது என்பதெல்லாம் அவர் தலைக்குள்ள.

அடுத்த வருஷம் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லோவெல் நகரத்துல தட்டம்மை பரவியது. மோசஸ் கிரீலி பார்க்கர் என்ற டாக்டருக்கு ஒரு பயம்: அங்கே இருந்த 4 ஆபரேட்டர்களும் ஒரே நேரத்துல படுத்துட்டா? புதுசா வர்றவங்க 200-க்கும் மேற்பட்ட பெயர்களை எப்படி மனப்பாடம் பண்ணுவாங்க? ஆளுக்கு ஒரு எண் கொடுங்கன்னார். மனுஷனை நம்பரா மாத்தினா கோச்சுக்குவாங்களோன்னு எக்ஸ்சேஞ்ச்காரங்க தயங்கினாங்க. யாரும் கோச்சுக்கலை.

ஆனா நம்பர் வந்ததும், பெயரையும் நம்பரையும் சேர்த்து வைக்க ஒரு பட்டியல் வேணும். அந்தப் பட்டியல் அச்சாகிற அன்னிக்கே பழசாக ஆரம்பிக்கும்.

கம்ப்யூட்டர்காரங்க இதுக்கு 1988-ல எக்ஸ்.500 என்ற பிரம்மாண்டமான தரநிலையைக் கொண்டு வந்தாங்க. சாதாரண மெஷினுக்கு அது ரொம்ப கனம். 1993-ல மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து அதோட இளைத்த வடிவம் வந்தது: எல்டாப். இன்னிக்கும் பல வாய்ப் மேசை ஃபோன்கள்ல இது இருக்கு. எனக்கு ரொம்பப் பிடிச்ச ஏற்பாடு இதுதான். ஃபோன் சொந்தமா காப்பி வச்சுக்காது. தேடும்போது சர்வரைக் கேட்கும்.

எங்க கான்டாக்ட்ஸ் இருந்ததோ மெயில் கணக்குல. அது பேசுற மொழி 2011-ல தரநிலையான கார்ட்டாவ். எங்க மேசை ஃபோன்களுக்கு அது தெரியாது. எக்ஸ்எம்எல் ஃபைல் கொடுத்தா வாங்கிக்கும். நடுவுல ஒரு மொழிபெயர்ப்பாளர் வேணும். ஒரு ஸ்கிரிப்ட். அதை எழுதினவன் நான்தான். தினமும் ராத்திரி கான்டாக்ட்ஸை இறக்கும், ஃபைலா மாத்தும், ஃபோன்கள் வந்து எடுத்துக்கும். நான் மல்லுக்கட்டினதெல்லாம் நம்பர் வடிவத்தோட. கான்டாக்ட்ல +91, லைன்ல வர்ற அழைப்புல 0. ரெண்டும் பொருந்தாம கூப்பிடுறவர் பெயரே திரையில வராது. அதைச் சரி பண்ணி என் முதுகை நானே தட்டிக்கிட்டேன்.

அழிக்கிறதைப் பத்தி யோசிச்சேன், வேணாம்னு விட்டேன். ஒரு நாள் இன்டர்நெட் தகராறுல காலிப் பட்டியல் வந்தா எல்லா ஃபோனும் துடைச்சுப் போயிடுமே! அதனால என் ஸ்கிரிப்ட் சேர்க்கும், திருத்தும், எதையும் நீக்காது. பழைய 'அட்மின் அவசரம்' அப்படியே உட்கார்ந்திருந்தது.

அந்த ராத்திரி ஃபோன் எடுத்தவர் "ராங் நம்பர்"னு வைக்கலை. "அண்ணே, நீங்க உள்ள போகாதீங்க. மாடிப்படிக்குக் கீழ மெயின் இருக்கு, அதை இறக்குங்க"ன்னு சொல்லிட்டு, வேற ஊர்ல இருந்துக்கிட்டே இப்போ வேலையில இருக்கிறவங்களைத் தேடிப் பிடிச்சார். பேட்டரி மட்டும்தான் போச்சு.

மறுநாள் ஸ்கிரிப்டை மாத்தினேன். ஆன்லைன்ல இல்லாத பெயர் ஃபோன்லயும் இருக்காது; பட்டியல் திடீர்னு பாதியா குறைஞ்சா மட்டும் எதையும் தொடாம எனக்கு மெயில் அனுப்பும். அப்புறம் அவருக்கு ஃபோன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன்.

சிரிச்சார். "இப்பவாவது என்னைத் தூக்கிட்டீங்களா?"