ஏற்றுக்கொண்ட அஞ்சல் எங்கே நிற்கிறது?

நெல்லை நகரின் நயினார்குளத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். சுத்தமல்லி அணைக்கட்டில் பிரியும் நெல்லைக் கால்வாய் தாமிரபரணி நீரை அதற்குக் கொண்டு வருகிறது. ஆற்றில் நீர் வரும் வேளையும் வயல் நீர் கேட்கும் வேளையும் ஒன்றல்ல. ஆகவேதான் இடையில் ஒரு குளம். மின்னஞ்சலின் வரலாற்றிலும் இப்படியொரு குளம் வெட்ட வேண்டியிருந்தது.

1971இல் ரே டாம்லின்சன் ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்கு அஞ்சல் அனுப்பினார். அவ்விரண்டு பொறிகளும் அருகருகேதான் இருந்தன! ஆனால் தொலைவிலுள்ள பொறி அணைந்து கிடந்தால்? 1983இல் பெர்க்லி யூனிக்ஸுடன் வெளிவந்த எரிக் ஆல்மனின் சென்ட்மெயில், உடனே போகாத கடிதத்தை வட்டில் எழுதி வரிசையில் வைத்தது. பிறகு மீண்டும் முயன்றது. 1982இல் ஜான் போஸ்டல் வகுத்த எஸ்.எம்.டி.பி. நெறிமுறையில், கடிதத்தைப் பெற்ற பொறி 250 என்ற எண்ணால் 'சரி' என்று சொல்லும். அந்தச் 'சரி' ஒரு பொறுப்பேற்பு என்பதை 1989இல் வந்த 1123ஆம் எண் ஆவணம் தெளிவாக்கியது: ஏற்ற பிறகு பொறி பழுதாயிற்று என்று கடிதத்தைத் தொலைக்கலாகாது. மறு முயற்சிகளுக்கிடையே குறைந்தது 30 நிமிடம் விட வேண்டும். 4, 5 நாட்களாவது முயல வேண்டும்.

இந்தப் பழைய விதி இன்றைக்கும் எதற்கு என்கிறீர்களா? தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011இல் ஜோஹோ நிறுவனம் அலுவலகம் திறந்தது. வாடிக்கையாளரின் முறையீட்டு அஞ்சல்களைப் பதிந்து பதில் அனுப்ப உதவும் 'ஜோஹோ டெஸ்க்' அங்கே உருவான மென்பொருள்தான். இத்தகைய பணியில் ஒரு கடிதம் தொலைந்தால் ஒருவருடைய முறையீடே தொலைகிறது.

நீங்களே ஒரு வழங்கியை ஜாவாஸ்கிரிப்டில் எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 2009இல் ரயன் டால் அறிமுகப்படுத்திய நோட்.ஜேஎஸ், அஞ்சல் போய்ச் சேரும்வரை கைகட்டி நிற்காது. அடுத்தவரைக் கவனிக்கப் போய்விடும். இதுவே போதும் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். போதாது. காத்திராமல் இருப்பது வேறு, மறவாமல் இருப்பது வேறு. "கட்டணம் பெற்றோம், ரசீது வரும்" என்று திரையில் காட்டிய மறுகணம் நிரல் நின்றால், நினைவகத்தில் மட்டுமே இருந்த ரசீது போனது போனதுதான்.

எனவே முதலில் வேலையை வரிசையில் எழுதுங்கள். பிறகு 'சரி' சொல்லுங்கள். வரிசைக்கு ரெடிஸைப் பலர் பயன்படுத்துகிறார்கள். அது நினைவகத்தில் இயங்குவது; ஒவ்வொரு மாற்றத்தையும் வட்டில் எழுதும்படி அமைக்காவிட்டால், மின்தடையில் கடைசிச் சில வேலைகள் காணாமற்போகலாம். தனியே ஓடும் பணியாள் நிரல் வரிசையிலிருந்து வேலையை எடுத்து, நோட்மெயிலர் வழியாக அனுப்பும். தவறினால் 1, 2, 4, 8 நிமிடம் என இடைவெளியைப் பெருக்கி முயலும்.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. அஞ்சல் போய்விட்டது, 'முடிந்தது' என்று குறிப்பதற்குள் பணியாள் நிரல் நின்றுவிட்டது. எழுந்ததும் அது மீண்டும் அனுப்பும். இந்த இரட்டைக் கடிதத்தைப் பற்றி 1988இலேயே கிரெய்க் பார்ட்ரிட்ஜ் 1047ஆம் எண் ஆவணத்தில் எழுதியிருக்கிறார். ரசீது இருமுறை வந்தால் எவரும் வருந்தப்போவதில்லை. அதே வரிசையில் கட்டணம் பிடிக்கும் வேலையையும் வைப்பதானால், ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண் கொடுங்கள்; அந்த எண்ணுக்கு முன்பே பணம் பிடித்தாயிற்றா என்று வங்கியின் பக்கமும் சரிபார்க்க வேண்டும்.